பிஸ்கட் டின்னில் ஒரு தேர்தல்

கஞ்சிப் பசை இரண்டாவது நாளில் புளித்துப் போனால் ஒரு வாடை அடிக்கும். அதோடு செய்தித்தாள் மையின் எண்ணெய் வாடையும், பக்கத்துச் சந்தில் மிளகாய் அரைக்கும் மில்லிலிருந்து வரும் காரமும் சேர்ந்துகொண்டால், எங்கள் ஆறாம் வகுப்பில் முன்வரிசையில் ஒருவர் தும்ம ஆரம்பித்து அது கடைசிப் பெஞ்சுவரை போய்த்தான் நிற்கும். அந்த ஆண்டு முழுவதும் எங்கள் விரல் நுனிகள் கறுப்பாகவே இருந்தன. வீட்டுக்குப் போனால், "எந்த அடுப்புக்குள்ள கைய விட்டுட்டு வர்றே?" என்று அம்மா கேட்பார். பள்ளிக்கூடத்தில் பேப்பர் படித்தேன் என்று சொன்னால் நம்பமாட்டார். பள்ளிக்கூடத்தில் புத்தகம் அல்லவா படிப்பார்கள்!

ஐம்பதுகளின் கடைசி அது. சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சிறிய தமிழ்ப் பள்ளிக்கூடம். ஓட்டுப் போடுவது கட்டாயம் என்று ஆன முதல் பெரிய தேர்தல் வந்துகொண்டிருந்தது. லாரிகளில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு சீனத்தில் ஒரு முறை, மலாயில் ஒரு முறை, தமிழில் ஒரு முறை, ஆங்கிலத்தில் ஒரு முறை என்று கத்திக்கொண்டே போவார்கள். அவர்கள் தேக்கா சந்தையைத் தாண்டும் வரைக்கும் பாடம் நடக்காது. அப்படி ஒருநாள் லாரி போய் முடிந்ததும் எங்கள் ராசம்மா டீச்சர் குடிமையியல் புத்தகத்தை மூடி மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டு, தேர்தல் முடியும்வரை செய்தித்தாள்தான் பாடப்புத்தகம், ஆளுக்கொரு பேப்பர் கொண்டுவாருங்கள், பழசானாலும் பரவாயில்லை என்று சொல்லிவிட்டார்.

ராசம்மா டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர். அவருடைய அப்பா காலத்திலேயே இங்கு வந்து ரயில்வேயில் எழுத்தர் வேலை பார்த்த குடும்பம். அவர் பேசும் தமிழ் எங்களுக்குப் பாதி புரியும், பாதி பாட்டு மாதிரி இருக்கும். ஆனால் கையில் கத்தரிக்கோலை எடுத்துவிட்டாரானால் அத்தனை பேரும் வாயை மூடிக்கொள்வோம். செய்தியை வெட்டி எடுத்துச் சுவரில் ஒட்டுவார். ஒட்டுவதற்கு முன் அது எந்தப் பேப்பர், எந்தத் தேதி என்று யாராவது சத்தமாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஒட்டமாட்டார். யார் சொன்னது என்று தெரியாத செய்திக்கு என் சுவரில் இடமில்லை என்பார்.

பேப்பர் கொண்டுவருவது அவ்வளவு லேசான காரியமாக இருக்கவில்லை. என் அப்பா ஜவுளிக்கடையில் விற்பனையாளர். அவர் வாங்கும் பேப்பரை முதலில் அவர் படிப்பார். பிறகு அது கீழ்வீட்டுத் தையல்காரரிடம் போகும். அங்கிருந்து மாடியில் எங்களோடு தடுப்புப் பலகைக்கு அப்பால் குடியிருந்த குடும்பத்துக்குப் போகும். கடைசியில் அம்மாவிடம் வந்து சேரும்போது அது அலமாரியில் விரிக்கவோ கருவாடு மடிக்கவோதான் ஆகும். கருவாட்டை ஓரமாகத் தள்ளிவிட்டுத்தான் நான் படிப்பேன். படிப்பது என்றால் வாய்விட்டு, நாடகத்தில் பேசுவதுபோல ஏற்ற இறக்கத்தோடு. "பொம்பளப் புள்ளைக்கு என்னத்துக்கு இவ்வளவு சத்தம்?" என்று அம்மா அதட்டுவார். எனக்கு வாய் அதிகம் என்று அப்போதும் சொன்னார்கள், இப்போதும் சொல்கிறார்கள். வாய் குறைவாக இருந்திருந்தால் எனக்கு என்ன கிடைத்திருக்கும் என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

வகுப்பில் இரண்டு தமிழ்ப் பேப்பர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்வார் டீச்சர். ஒரே கூட்டத்தைப் பற்றி ஒரு பேப்பர் "மக்கள் வெள்ளம்" என்று எழுதியிருந்தது, இன்னொன்று "சுமாரான கூட்டம்" என்று எழுதியிருந்தது. எது பொய் என்று நாங்கள் சண்டை போட்டோம். அந்தக் கூட்டத்துக்கு யார் போனீர்கள் என்று டீச்சர் கேட்டார். கடைசிப் பெஞ்சிலிருந்து பக்கிரிசாமி மட்டும் மெல்ல எழுந்தான். துறைமுகத்தில் வேலை பார்த்த அவன் அண்ணன் தோளில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறார். மேடைக்கு முன்னால் நிறையப் பேர், விளக்குக் கம்பத்துக்கு அந்தப் பக்கம் காலி, என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான். அப்படியானால் இரண்டு பேப்பர்காரரும் வெவ்வேறு இடத்தில் நின்றிருக்கிறார்கள் என்று டீச்சர் சொல்லி, இரண்டு செய்தியையும் ஒட்டி, நடுவில் பக்கிரிசாமி சொன்னதைத் தன் கையால் எழுதி ஒட்டினார்.

பக்கிரிசாமியை வகுப்பில் பிடிக்காதவர்களே கிடையாது. பந்து விளையாட்டில் கெட்டிக்காரன், யாரிடமும் வம்புக்குப் போகாதவன், கேட்டால் மட்டும் பேசுகிறவன். அவனைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அவன்தான் எனக்கு எதிராக நின்றவன்.

அதுவரை எங்கள் பள்ளிக்கூடத்தில் வகுப்புத் தலைவனான சட்டாம்பிள்ளையைத் தலைமையாசிரியர் கையைக் காட்டி நியமிப்பார். உயரமான பையனாகப் பார்த்து நியமிப்பார். பெண் பிள்ளை சட்டாம்பிள்ளையாக ஆனதாகச் சரித்திரமே கிடையாது. ராசம்மா டீச்சர் தலைமையாசிரியரிடம் பேசி, இந்த முறை ஆறாம் வகுப்பு தன் சட்டாம்பிள்ளையைத் தானே தேர்ந்தெடுக்கட்டும், பேப்பரில் வருகிறபடியே நடத்தட்டும் என்று சம்மதம் வாங்கிவிட்டார். ஒரு தவணைக்கு, அதாவது ஒரு பள்ளிப் பருவத்துக்கு, ஒருவர். சட்டாம்பிள்ளைக்கு இனிப் பிரம்பு தூக்குகிற வேலை இல்லை. காலையில் வகுப்பு தொடங்கியதும் பெஞ்சின்மேல் ஏறி நின்று அன்றைய பேப்பரை எல்லாருக்கும் வாசித்துக் காட்ட வேண்டும்.

அவ்வளவுதான்! கருவாட்டு வாடை இல்லாத புதுப் பேப்பர்! நான் வாசிக்க நாற்பது பேர் கேட்பார்கள், ஒருவரும் சத்தத்தைக் குறை என்று சொல்ல முடியாது. அதைவிடப் பெரிய ஆசை எனக்கு அந்த வயதில் ஒன்றும் இருந்ததில்லை. பட்டுப்பாவாடைகூட இரண்டாவதுதான்.

பேப்பரில் வேட்புமனு வந்தது, எங்களுக்கும் வேட்புமனு வந்தது. முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர். பேப்பரில் சின்னம் வந்தது, எங்களுக்கும் சின்னம். நான் டீச்சரின் கத்தரிக்கோலைச் சின்னமாகக் கேட்டு வாங்கினேன். பக்கிரிசாமியை அவன் கூட்டாளிகள் பிடித்துத் தள்ளி நிற்க வைத்தார்கள், அவனுக்குப் பந்து. நான் சும்மா இருப்பேனா? ஓய்வு நேரத்தில் பெஞ்சு பெஞ்சாகப் போனேன். என்னைத் தேர்ந்தெடுத்தால் விளையாட்டுப் பக்கத்தை முதலில் வாசிப்பேன் என்றேன், கடினமான சொல்லுக்கெல்லாம் அர்த்தம் சொல்வேன் என்றேன். வாசித்தும் காட்டினேன். பக்கிரிசாமி யாரிடமும் ஓட்டுக் கேட்டுப் போகவில்லை. பேசியே ஆக வேண்டும் என்று டீச்சர் வற்புறுத்தியபோது எழுந்து நின்று, முடிந்தவரைக்கும் வாசிக்கிறேன் என்றான். கைதட்டல் அவனுக்குத்தான் அதிகம். கைதட்டல் ஓட்டு இல்லை என்று நான் என்னைத் தேற்றிக்கொண்டேன்.

நிஜத் தேர்தலுக்கு முந்தின நாள் எங்கள் வாக்களிப்பு. நாட்டுத் தேர்தலுக்குப் பள்ளிக்கூடத்தையே எடுத்துக்கொள்ளப் போகிறார்கள், அதனால் நாம் முந்திக்கொள்வோம் என்றார் டீச்சர். கரும்பலகையைத் திருப்பி நிறுத்தி அதற்குப் பின்னால் ஒரு நாற்காலி. அதன்மேல் பென்சில். வெளியே மேசையில் மூடியில் வாய் வெட்டிய பெரிய சதுரப் பிஸ்கட் டின். டீச்சர் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டில் கத்தரிக்கோலும் பந்தும் இருக்கும். வேண்டிய சின்னத்துக்கு எதிரே குறி போட்டு, மடித்து, டின்னில் போட வேண்டும். யாருக்குப் போட்டோம் என்று வெளியே சொல்லக் கூடாது.

என் முறை வந்தது. கரும்பலகைக்குப் பின்னால் போய்ப் பென்சிலை எடுத்தேன். என் சின்னத்துக்கு நேரே கொண்டுபோனேன். கை நின்றுவிட்டது.

எனக்கு நானே போட்டுக்கொள்வதா? எங்கள் வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால் பாயசத்தைத் தானே எடுத்து ஊற்றிக்கொள்கிற பிள்ளைக்கு என்ன பெயர் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். "பறக்காவட்டி" என்பார் அம்மா. யாராவது வந்து பரிமாற வேண்டும், நாம் போதும் போதும் என்று கையை நீட்டித் தடுக்க வேண்டும், அதையும் மீறி அவர்கள் ஊற்ற வேண்டும். அதுதான் மரியாதை. தன்னைத் தானே நல்லவள் என்று சொல்லிக்கொள்கிறவளை எங்கள் தெருவில் யாரும் மதித்ததில்லை. ஊரைக் கூட்டி எனக்குப் போடுங்கள் என்று கேட்டேனே, அது வேறு. யாரும் பார்க்காத இடத்தில் எனக்கு நானே எடுத்துப் போட்டுக்கொள்வது எனக்குத் திருட்டுத்தனமாகப் பட்டது. அதோடு, சொல்லிவிடுகிறேனே, ஜெயிப்பேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஜெயிக்கிறவள் தோற்கிறவனுக்கு ஒரு ஓட்டுப் போட்டால் என்ன குறைந்துபோகும்? பந்துக்கு எதிரே பெரிதாக ஒரு குறி போட்டு, மடித்து, நிமிர்ந்து நடந்து வந்து டின்னில் போட்டேன்.

டீச்சர் எண்ணினார். பந்து இருபத்தொன்று. கத்தரிக்கோல் இருபது.

வகுப்பே பக்கிரிசாமியைத் தூக்கிக்கொண்டு ஆடியது. எனக்குக் காதில் ஒன்றும் விழவில்லை. நான் என் ஓட்டை எனக்கே போட்டிருந்தால் எனக்கு இருபத்தொன்று, அவனுக்கு இருபது. கணக்கில் நான் என்றைக்கும் சோடை போனதில்லை, அன்றைக்குப் போயிருக்கலாம் என்று தோன்றியது. எல்லாரும் வெளியே போன பிறகு டீச்சரிடம் போய் நடந்ததைச் சொல்லி, என் சீட்டை மட்டும் திருப்பிக் கொடுங்கள், மாற்றிப் போடுகிறேன் என்று கேட்டேன். அழுதேன் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். டீச்சர் என் முகத்தைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டார். ஆனால் சீட்டைத் தரவில்லை.

"பெட்டிக்குள்ள போட்டாச்செண்டால் அது உன்ர இல்லைப் பிள்ளை. அது வகுப்பின்ர."

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே, நான் செய்ததுதான் சரி, தனக்குத் தானே போட்டுக்கொள்வது ஒரு லட்சணமா என்றார். தோற்றதைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. மகள் மரியாதையாக நடந்துகொண்டாள் என்பதில் பெருமைதான். அந்தப் பெருமையைப் பார்க்க எனக்கு இன்னும் எரிச்சலாக வந்தது.

மறுநாள் அம்மா வாழ்க்கையில் முதல் முறையாக ஓட்டுப் போடப் போனார். மாடியில் இருந்த பெண்கள் எல்லாருக்கும் முந்தின வாரமே நான்தான் பேப்பரில் வந்த மாதிரி வாக்குச் சீட்டை விரித்து வைத்து, எங்கே குறி போடுவது, எப்படி மடிப்பது என்று சொல்லிக் கொடுத்திருந்தேன். திரும்பி வந்ததும் அப்பா, தான் சொன்ன சின்னத்துக்குத்தானே போட்டாய் என்று கேட்டார். அம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அதை வெளியே சொல்லக் கூடாதாம், அஞ்சலையோட டீச்சர் சொல்லியிருக்காங்க, என்று சமையலுக்குப் போய்விட்டார். அப்பா என்னை முறைத்தார். அன்றைக்கு நான் வீட்டில் மெதுவாகத்தான் படித்தேன்.

தேர்தல் முடிந்து வந்த பேப்பரை டீச்சர் மேசைமேல் விரித்து எங்களைச் சுற்றி நிற்க வைத்தார். அதில் ஒரு படம். சீனப் பெண் வேட்பாளர் ஒருவர், தலைமுடியைக் குட்டையாக வெட்டியவர், ஓட்டுப் பெட்டியில் சீட்டைப் போட்டபடி படம் எடுப்பவரைப் பார்த்துச் சிரிக்கிறார். டீச்சர் அந்தப் படத்தின்மேல் விரலை வைத்தார்.

"இவ ஆருக்குப் போட்டிருப்பா?"

வகுப்பு முழுவதும் ஒரே குரலில், தனக்குத்தான், என்றது. இதுகூடத் தெரியாதா என்று சிரித்தார்கள். ஒருவர்கூட அந்த அம்மாளை வெட்கம் கெட்டவள் என்று சொல்லவில்லை. சட்டாம்பிள்ளை பக்கிரிசாமி மட்டும் சிரிக்காமல் படத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். நானும் பார்த்தேன். அந்த முகத்தில் கூச்சம் என்று ஒன்று இருக்கிறதா என்று தேடித் தேடிப் பார்த்தேன், இல்லை. ஊராரிடம் என்னை நம்புங்கள் என்று கேட்டுவிட்டு, நான் என்னை நம்பவில்லை என்று எழுதிப் பெட்டியில் போட்டவள் நான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. டீச்சர் என் பக்கம் திரும்பவே இல்லை. வெட்டி எடுத்து, பேப்பர் பெயரையும் தேதியையும் என்னைச் சொல்லச் சொல்லி, சுவரில் ஒட்டினார்.

அந்தத் தவணை எனக்கு நரகம். பக்கிரிசாமி நல்லவன், ஆனால் வாசிப்பு? அட கடவுளே! பெஞ்சின்மேல் ஏறி நின்று பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு முணுமுணுப்பான். "சட்டமன்றம்" வந்தால் ஒரு மூச்சு, "பெரும்பான்மை" வந்தால் இரண்டு மூச்சு. நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே அடுத்த சொல்லை எடுத்துக் கொடுப்பேன், கொஞ்சம் சத்தமாகவே கொடுப்பேன். அவன் கோபித்துக்கொண்டதில்லை. வாசித்து முடித்ததும் பேப்பரை மடிப்புக் கலையாமல் மடித்து அலமாரியில் அடுக்கி வைப்பான். அவனைத் திட்டவும் முடியாமல் கேட்கவும் முடியாமல் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அடுத்த தவணை வந்தது. அதே பிஸ்கட் டின், அதே கத்தரிக்கோல், அதே பந்து. இந்த முறை நான் பெஞ்சு பெஞ்சாகப் போய் வாக்குறுதி கொடுக்கவில்லை. கேட்டவர்களிடம், நான் நன்றாக வாசிப்பேன், உங்களுக்கே தெரியும், என்று மட்டும் சொன்னேன். கரும்பலகைக்குப் பின்னால் போய்ப் பென்சிலை எடுத்தேன். காது சூடானது. அம்மா எனக்குப் பின்னால் நிற்பதுபோலவே இருந்தது. படத்தில் சிரித்த அந்த அம்மாளை நினைத்துக்கொண்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு கத்தரிக்கோலுக்கு எதிரே குறி போட்டேன். என் வாழ்க்கையில் எனக்கென்று நானே எடுத்துக்கொண்ட முதல் பொருள் அதுதான் என்று நினைக்கிறேன்.

கத்தரிக்கோல் இருபத்தொன்று. பந்து இருபது.

மறுநாள் காலையில் பெஞ்சின்மேல் ஏறி நின்று, பிரிக்காத பேப்பரைப் பிரித்து, முதல் பக்கத்தின் முதல் வரியை வாசித்தபோது, மிளகாய் மில்லின் சத்தத்தையும் மீறி என் குரல் தெருவுக்குக் கேட்டதாம். ஜவுளிக்கடைக்குப் போய்க்கொண்டிருந்த அப்பா நின்று கேட்டுவிட்டுப் போனார் என்று பிறகு தையல்காரர் சொன்னார். அன்று மாலையிலிருந்து அப்பா, பேப்பர் வந்தால், தான் படித்ததும் கீழே அனுப்பாமல் முதலில் என்னிடம் கொடுக்க ஆரம்பித்தார்.

இப்போது அந்தப் பள்ளிக்கூடம் இல்லை. அந்தத் தமிழ்ப் பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, பிள்ளைகள் பெரிய பள்ளிகளுக்குப் போய்விட்டார்கள். எங்கள் மாடி இருந்த கடைவீட்டில் இப்போது ஒரு சிறிய ஹோட்டல் நடக்கிறது, வெள்ளைக்காரப் பயணிகள் ஜன்னலில் துணி காயப் போடுகிறார்கள். மிளகாய் மில் போயிற்று. என் பேரப்பிள்ளைகள் தேர்தல் செய்தியைக் கைபேசியில் விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கிறார்கள். யார் சொன்னது, எந்தத் தேதி என்று நான் கேட்டால் மட்டும், "பாட்டி ஆரம்பிச்சிட்டாங்க" என்று ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள். சிரித்தாலும் தேடிப் பார்த்துச் சொல்லிவிடுகிறார்கள். சொல்லாமல் என்னிடமிருந்து தப்ப முடியாது.

பக்கிரிசாமி இருக்கிறான். புக்கிட் பாத்தோக்கில் எனக்கு இரண்டு புளோக் தள்ளி மகனோடு குடியிருக்கிறான். சென்ற தேர்தலில் வாக்குச் சாவடியில் வயதானவர்களுக்கென்று போட்டிருந்த நாற்காலிகளில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். வரிசை நகர்வதாக இல்லை. பேச்சு எங்கெங்கோ சுற்றி அந்தப் பிஸ்கட் டின்னுக்கு வந்தது. நான் என் கதையை முதல் முறையாக அவனிடம் சொன்னேன். முதல் தடவை அவனுக்கே ஓட்டுப் போட்டு நான் தோற்றதையும், அடுத்த தடவை எனக்கு நானே போட்டு ஜெயித்ததையும் சொன்னேன். அவன் கைத்தடியைக் கால்களுக்கு நடுவில் ஊன்றிக்கொண்டான்.

"நான் ரெண்டு தடவையும் உனக்குத்தான் போட்டேன், அஞ்சல."

எனக்குள் பழைய கணக்கு ஓடியது. இரண்டாவது தடவை அவன் தனக்குப் போட்டுக்கொண்டிருந்தால் இருபத்தொன்று அவனுக்கு வந்திருக்கும். எங்களைத் தவிர மற்றவர்கள் இரண்டு முறையும் அவன் பக்கமே ஒரு ஓட்டு அதிகமாக நின்றிருக்கிறார்கள். நான் கொடுத்த வாக்குறுதியும் போட்ட சத்தமும் அந்த எண்ணிக்கையை அசைக்கவே இல்லை. மாறியது என் ஓட்டு ஒன்றுதான். ஏன் அவன் தனக்குப் போட்டுக்கொள்ளவில்லை என்று கேட்டேன். அந்தச் சீனப் பெண்மணியின் படத்தை அவனும்தானே குனிந்து பார்த்தான்?

"பாத்தேன். ஆனா நமக்கு நாமே போட்டுக்க வெக்கமா இருந்துச்சு லா."

"எனக்கும்தான் வெக்கமா இருந்துச்சு," என்றேன். "நான் போட்டேன்."